நாலு சென்னியப்பன்

"ஏம்மணி பெனாசிர், ஒரே மனுசன் எங்கிட்ட ஒப்பலைங்கறாரு, புள்ளைகிட்டச் சரிங்கறாரு. இதுல எந்த மனுசனக் கூட்டிட்டுப் போயி நான் சபைல உக்கார வெக்கட்டும்?"

கோகிலவாணி இதைக் கேட்டது வாசலிலேயே. பெனாசிர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ள வந்து சொல்றனுங்கம்மா."

"வா சாமி. நான் காப்பி போட்டுக்கிட்டே கேக்கறேன், நீ குடிச்சுக்கிட்டே பதில் சொல்லு. ஞாயித்துக்கெழம நிச்சயம், உப்புச்சக்கரை மாத்தறோம். சென்னிமலைல இருந்து மாப்ள ஊட்டுச் சனம் வண்டி வண்டியா வருது. பொண்ணோட அப்பன் வாயத் தொறந்து சம்மதம்னு சொல்லோணும். நான் சொன்னாச் செல்லாது, என்ற அண்ணன் சொன்னாலும் செல்லாது. இவரு எந்த வாயில சொல்லுவாருன்னு முதல்ல அதச் சொல்லு."

அதற்குப் பதில் தேடத்தான் அலுவலகத்திலிருந்து பெனாசிரை அனுப்பியிருந்தார்கள்.

கூடத்தில் சென்னியப்பன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஈரோட்டு மஞ்சள் ஏலக்கூடத்தில் ஏலம் கூறிய மனிதர். அவர் குரலை நம்பி வண்டிக்காரர்கள் தெருக்கோடியிலேயே நின்று விலை தெரிந்துகொள்வார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கையும் காலும் மெல்லத் திரும்பி வந்துவிட்டன, சொல் மட்டும் வரவில்லை. நினைப்பு இருந்தது, அதற்குரிய வார்த்தை எங்கோ போய்விட்டது. ஆமாம் என்று நினைத்து இல்லையென்று தலையாட்டுவார், பிறகு தலையில் அடித்துக்கொள்வார். எழுதவும் முடியாது. அதனால்தான் காதுக்குப் பின்னால் அந்தப் பட்டையும், சட்டைக் காலரில் பொத்தான் அளவு ஒலிபெருக்கியும். கம்பெனி அதற்குப் பேச்சுத்துணை என்று பெயர் வைத்திருந்தது. நினைப்பை அது பிடித்து, பழைய ஏலப் பதிவுகளிலிருந்து எடுத்த அவர் குரலிலேயே பேசும்.

பெனாசிர் அவர் முன்னால் போய் நின்றாள்.

"வணக்கம், நல்லா இருக்கீங்களா?" என்றது காலர்.

"நல்லா இருக்கறனுங்கையா. மெஷினு எப்படி இருக்குது, தொந்தரவு ஏதாச்சும்?"

சென்னியப்பன் புருவத்தைச் சுருக்கி, நாற்காலிக் கையைப் பிடித்து, எதையோ இழுத்துக்கொண்டு வருவதுபோல முன்னால் சாய்ந்தார்.

"வணக்கம், நல்லா இருக்கீங்களா?" என்றது மறுபடியும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உன்னக் கண்டா மட்டும் எவ்வளவு மரியாதை, பாரு" என்றபடி கோகிலவாணி காப்பித் தம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றாள். சென்னியப்பன் அவள் பக்கம் திரும்பினார்.

"சனியன்" என்றது காலர்.

"எனக்கு இதுதான்" என்றாள் கோகிலவாணி, கொஞ்சம் பெருமையாகவே. "நானாக் கேட்டு வாங்குனது."

"ஆமாங்கம்மா, உங்களுக்குன்னு தனியா ஒரு பிராஞ்ச் முதல்ல கேட்டது நீங்கதான்."

"பின்ன? நீங்க குடுத்தப்போ காப்பி குடுத்தா நன்றிங்கறாரு, சோறு போட்டா மிகவும் நன்றிங்கறாரு. முப்பது வருசத்துல இந்த மனுசன் எனக்கு நன்றி சொன்னதில்ல. யாரோ விருந்தாளியப் பக்கத்துல படுக்க வெச்ச மாதிரி இருந்துச்சு. கொஞ்சலும் வேண்டாம் குழையலும் வேண்டாம், குறையிருந்தா நேராச் சொல்லட்டும், எப்பவும் போலன்னேன். செஞ்சு குடுத்த. நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் உங்க பொண்ணு கேட்டாங்க."

"அவ கேட்டா. அப்புறம் மண்டிக்காரரு பொங்கியண்ணன் கேட்டாரு. ஆளுக்கொண்ணு குடுத்துட்ட. எதுத்தாப்புல யாரு மூஞ்சி தெரியுதோ அவங்களுக்குத் தக்கன மாறிக்கும்ன. சரி. ஞாயித்துக்கெழம சபைல எல்லா மூஞ்சியும் ஒண்ணா இருக்குமே, அப்ப?"

"தலையத் திருப்பத் திருப்ப மாறுமுங்க."

"பேயோட்டற எடத்துலதான் அப்படிப் பாத்திருக்கறேன்."

பெனாசிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அதுக்குத்தானுங்கம்மா வந்திருக்கறேன். நாலையும் சேத்து ஒண்ணாக்கப் போறேன். ஆனா பிராஞ்ச் கேட்டவங்க எல்லாரும் பக்கத்துல இருக்கோணும். ஒருத்தரோடத இன்னொருத்தருக்காகத் திருத்தறதுக்கு நான் யாரு?" என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டார்கள். குடிநீர் வாரியத்து வேலையில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மகள் சம்யுக்தா வந்தாள். பொங்கியண்ணன் வெள்ளை வேட்டியில் மஞ்சள் தூளோடு வந்து, நடுநாற்காலியில் சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் நாற்பது வருடமாக ஒரே ஏலக்கூடத்தில் கத்தியவர்கள்.

"எனக்கு ஒண்ணு வெளங்குல அம்மணி" என்றார் பொங்கியண்ணன். "ஆளு ஒருத்தன், மெஷினு ஒண்ணு. அதுல எப்படி நாலு?"

"மெஷினு ஒண்ணு இல்லீங்க. துண்டு துண்டாச் செஞ்சு கோத்திருக்கறோம். ஒரு துண்டு நெனப்பப் புடிக்கும், ஒரு துண்டு அதுக்குச் சொல்லுத் தேடும், இன்னொண்ணு எத முதல்ல சொல்றது எதப் பின்னால சொல்றதுன்னு வரிசை போடும், இன்னொண்ணு குரல ஏத்தி எறக்கும். அம்மா வந்து மாத்தச் சொன்னப்ப, மொத்தத்தையும் அப்படியே ஒரு நகலு எடுத்து அதுல மாத்துனேன். அதுதான் பிராஞ்ச். சம்யுக்தாவுக்கு ஒரு நகலு. உங்களுக்கு ஒண்ணு. முதல்ல செஞ்ச கம்பெனிப் பிரதி எங்ககிட்ட இருக்குது, என்னையோ வேற புது ஆளையோ பாத்தா அது பேசும்."

"அப்ப நாங்கேட்டது எதுல மாத்துன?"

"நீங்க கேட்டது வரிசைல. முடிவ முதல்ல சொல்லட்டும்னீங்க."

"ஏலத்துல கதை கேக்கறதுக்கு எவனுக்கு நேரம் இருக்குது? வெலையச் சொல்லு, அப்புறம் சரக்கச் சொல்லு."

"சம்யுக்தா கேட்டதும் வரிசைதான்" என்றாள் பெனாசிர்.

சம்யுக்தா தட்டில் இருந்த முறுக்கை ஒடித்துக்கொண்டே சொன்னாள். "அம்மா மாத்தி வாங்குனதுக்கப்புறம் எங்கிட்டயும் அப்பா எதச் சொன்னாலும் திட்டு முதல்ல வரும். நல்லது இருந்தா முதல்ல சொல்லட்டும், அப்புறம் திட்டட்டும்னுதான் கேட்டேன். திட்டே வேண்டாம்னு கேக்கல."

"கேக்கலையாமா" என்றாள் அம்மா. "உனக்கு வேண்டியபடி அவரத் திருத்தி வாங்கிட்டு, அப்பா சரீன்னுட்டாருங்கற. ஒப்பல, ஒப்பலைன்னு என்ற கிட்ட நாற்காலிய அடிச்சு அடிச்சுச் சொன்னாரு. அந்த அடிய நீ பாக்கல."

"எங்கிட்ட அடிக்கவே இல்லையே. பையன் தங்கமான பையன்னாரு. ரெண்டு தடவ கேட்டேன், ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னாரு."

"நீ அடிக்கற துண்டக் கழட்டிட்டியோ என்னமோ."

சம்யுக்தா முறுக்கைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை மித்ரன் சென்னிமலையில் கால்நடை மருத்துவர். மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் குழாய் பதிக்க வந்த சம்யுக்தாவைப் பார்த்தவன். பழகி, பேசி, இரண்டு வீட்டுக்கும் சொல்லி, நாளும் குறித்தாகிவிட்டது. சம்யுக்தா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். கலியாணத்துக்குப் பிறகு அவன் இந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும், இவள் அப்பாவை விட்டு வர மாட்டாள். அவனும் தலையாட்டிவிட்டான்.

"பெனாசிர்க்கா, ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க" என்றாள் சம்யுக்தா. "நான் மாத்தச் சொன்னதாலதான் அப்பா சரின்னாரா? அப்படீன்னா அது அவரு சொன்ன சம்மதம் இல்ல. எனக்கு நானே சொல்லிக்கிட்ட சம்மதம். அத வெச்சுக்கிட்டு நான் அந்தச் சபைல உக்கார மாட்டேன். அப்பா மனசில்லாத கலியாணம் எனக்கு வேண்டாம்."

"கண்ணு, நாளு குறிச்சாச்சு" என்றாள் கோகிலவாணி, குரல் இறங்கி.

"குறிச்சா அழிச்சுக்கலாம்மா."

நாற்காலியில் சென்னியப்பன் அசைந்தார். அவர் எதிரே மகள் முகம். காலர் சொன்னது: "நல்லா வேலை செய்யுது கண்ணு."

"எது நல்லா வேலை செய்யுது?" என்று சிடுசிடுத்தாள் கோகிலவாணி. அவர் திரும்பினார்.

"சனியன்."

"எங்கிட்ட இது. பாத்துக்கங்க எல்லாரும்."

பெனாசிர் மடிக்கணினியைத் திறந்தாள். சேர்க்கிற வேலை ஆரம்பமானது. இரண்டு கிளையில் ஒரே இடம் இரண்டு விதமாக மாறியிருந்தால் திரை சிவப்புக் காட்டி நிற்கும். அந்த இடத்தில் மனிதர்கள்தான் முடிவு சொல்ல வேண்டும். சின்னச் சின்னச் சண்டைகள்தான் முதலில் வந்தன.

"பொங்கியண்ணனக் கூப்பிடறது எப்படி? உங்க பிராஞ்சுல 'அந்தாளு'ன்னு இருக்குதுங்கம்மா. அவரு பிராஞ்சுல 'பங்காளி'."

"அந்தாளா?" என்றார் பொங்கியண்ணன்.

"நான் சொல்லல, அவரு சொன்னது" என்றாள் கோகிலவாணி, கூரையைப் பார்த்து.

"பங்காளியே இருக்கட்டும். அந்தாளுன்னு பொறத்தால சொல்லிக்கட்டும்."

"குழம்புல உப்பு பத்தலைன்னா? சம்யுக்தாவுக்கு 'நல்லா இருக்குது கண்ணு'. உங்களுக்கு 'த்தூ'."

"த்தூவ எடுத்துரு. ஆனா நல்லா இருக்குதுங்கறதும் வேண்டாம். நான் ஏமாந்துருவேன்."

"ரெண்டுக்கும் நடுவுல?"

"உப்பு கொண்டான்னு சொல்லட்டும். அதுல என்ன கேடு?"

பொங்கியண்ணனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "த்தூ ஒருதரம், நல்லா இருக்குது ஒருதரம், உப்பு கொண்டா ரெண்டுதரம், மூணுதரம்" என்று மேசையைத் தட்டினார். சென்னியப்பன் வாய் கோணிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எந்த மெஷினும் தேவைப்படவில்லை.

ஒவ்வொன்றாக முடிந்து, கடைசியில் வரிசையில் வந்து நின்றது. நல்லது முதலிலா, குறை முதலிலா, முடிவு முதலிலா? மூன்று பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. சம்மதமா இல்லையா என்பது இதில்தான் இருக்கிறது என்று மூன்று பேருக்கும் பட்டுவிட்டது.

"சண்டை போடாதீங்க" என்றாள் பெனாசிர். "இப்படிச் செய்யலாம். முகம் பாத்து மாறறத நான் நிறுத்திர்றேன். சம்யுக்தா, நீங்க அப்பாகிட்டக் கேளுங்க. அவரு மனசுல வர்ற பதில ஒரே தடவ புடிக்கறேன். அதே நெனப்ப நாலு பிராஞ்சுலயும் உட்டுப் பாக்கலாம்."

சம்யுக்தா நாற்காலியை இழுத்து அப்பாவின் முழங்காலோடு முழங்கால் படும்படி உட்கார்ந்தாள்.

"அப்பா. மித்ரனுக்கும் எனக்கும் கலியாணம். உங்களுக்குச் சம்மதமா?"

சென்னியப்பன் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை இறுக்கிக்கொண்டார். பெனாசிர் ஒரு விசையைத் தட்டினாள்.

மகளின் கிளை: "பையன் தங்கமான பையன் கண்ணு."

மனைவியின் கிளை: "எனக்கு ஒப்பல."

மண்டிக் கிளை: "முடிச்சாச்சு."

கம்பெனிப் பிரதி: "வணக்கம், நல்லா இருக்கீங்களா?"

"ஓட்டுன்னு பாத்தா ரெண்டுக்கு ஒண்ணு" என்றார் பொங்கியண்ணன். "கம்பெனிக்காரன் போட்டது செல்லாத ஓட்டு."

சம்யுக்தா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். "நான் மித்ரனுக்குப் போன் பண்ணிர்றேன்" என்றாள். கோகிலவாணி முந்தானையால் மேசையைத் துடைத்தாள். அங்கே ஒன்றும் சிந்தியிருக்கவில்லை.

"ஒரு நிமிசம் இருங்க" என்றாள் பெனாசிர்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நினைப்பைப் பிடிக்கிற பகுதி எவ்வளவு பிடித்தது, வாய்வழியாக எவ்வளவு போனது என்று இரண்டு கோடுகள் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மாதாமாதம் சோதனைக்கு வரும்போது அவள் இவரிடம் தொந்தரவு ஏதாவது உண்டா என்று கேட்பாள், அவர் வணக்கம் சொல்லி நலம் விசாரிப்பார், அவள் எல்லாம் சரி என்று குறித்துக்கொண்டு போய்விடுவாள். கோடுகளைப் பார்த்ததில்லை.

"உள்ள வந்தது நெம்பப் பெருசு" என்றாள். "வெளிய போனது இத்தனூண்டு. நாலுலயும்."

"அப்படீன்னா?"

"ஐயா இன்னும் பேசி முடிக்கல."

"என்னம்மணி சொல்ற?"

பெனாசிர் கொஞ்சம் தடுமாறித்தான் சொன்னாள். "தை மாசத்துல டாக்டரு ஒண்ணு சொன்னாருங்க. ஐயா நெறையப் பேசுனாச் சோந்து போயிர்றாரு, ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம் போதும்னு. எங்க ஆபீசுல இன்னொருத்தரு அத மூலப் பிரதில போட்டாரு. அதுல இருந்து எல்லாப் பிராஞ்சுக்கும் தானாப் போயிருச்சு. திரைல ஒரு சிவப்பு வரல. ஏன்னா நான் மாத்துனது வரிசை, அவரு மாத்துனது நீளம். வேற வேற துண்டு. ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கல. முட்டியிருந்தா யாராச்சும் பாத்திருப்போம்."

"வெளங்கற மாதிரிச் சொல்லு."

"உங்களுக்குக் குறைய முதல்ல சொல்லோணும், ஒரு வாக்கியத்தோட நிறுத்தோணும். அப்ப உங்களுக்குக் குறை மட்டுந்தான் வருமுங்கம்மா. சம்யுக்தாவுக்கு நல்லது மட்டும். அண்ணனுக்கு முடிவு மட்டும்."

"உனக்கு?"

"எனக்கு வணக்கம் மட்டும்."

பொங்கியண்ணன் மெதுவாகச் சொன்னார்: "ஒரே மூட்டையப் பிரிச்சு நாலு பேருக்கு அள்ளிக் குடுத்திருக்கறீங்க. அவிய அவிய தன்ற கைல இருக்கறதுதான் மொத்தச் சரக்குன்னு சண்டை போட்டிருக்கறோம்."

"தையில இருந்தா?" என்றாள் கோகிலவாணி. "ஏன் மாமா, உங்களுக்குத் தெரியாதா? மெஷினு பாதில நிக்குதுன்னு சொல்றதுக்கென்ன?"

சென்னியப்பன் இரண்டு கைகளையும் விரித்து மேலே தூக்கினார்.

"சொல்லியிருப்பாருங்கம்மா" என்றாள் பெனாசிர். "இப்பக்கூடச் சொன்னாரே. 'நல்லா வேலை செய்யுது கண்ணு. ஆனா பாதில நின்னு போகுது'ன்னு சொன்னா, சம்யுக்தாவுக்குக் கேக்கறது முன்பாதி."

"எனக்கு?"

"நீங்களே கேளுங்க." அவள் அந்த ஒற்றை வாக்கியக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, வரிசைப் பகுதியையும் கழற்றி ஓரமாக வைத்தாள். ஒரு சின்ன விசையை அவர் வலக்கைக்குள் வைத்து மூடினாள். "ஐயா, சோர்வா இருந்தா இத அமுக்குங்க, நின்னுக்கும். நிறுத்தறது இனி உங்க கையிலதான்."

சென்னியப்பன் மூச்சை இழுத்தார். ஏலத்தில் முதல் விலை கூறும் முன் அவர் அப்படித்தான் இழுப்பார் என்று பொங்கியண்ணனுக்குத் தெரியும். மண்டிக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"சனியன்! இந்த மெஷினு பாதில நின்னு போகுது கோகிலா, அந்தப் புள்ளையக் கூப்பிட்டுச் சொல்லுன்னா, நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுச் சட்னி இல்லாத இட்லியாப் போடற?"

கோகிலவாணி வாயில் கை வைத்தாள். "மெஷினையா சொன்னீங்க?"

"உன்னைய எதுக்குச் சொல்லப் போறேன். உன்னைச் சொல்றதுக்கு வேற வார்த்தை இருக்குது. தையில இருந்து சொல்றேன். கபடி நல்லா இருக்குது, சேனல மாத்தாதன்னு சொல்ல வந்தேன், நல்லா இருக்குதுங்கறதோட நின்னுருச்சு. பொங்கியண்ணா, ஆனி மாசம் வந்த சரக்குல ஈரம் இருக்குது வாங்காதன்னேன், வாங்கித் தொலைச்சியா?"

"நீ 'வெல நல்ல வெல'ன்னல்ல சொன்ன?"

"நல்ல வெல. ஆனா ஈரச் சரக்கு."

"போச்சு" என்றார் பொங்கியண்ணன்.

"அப்பா." சம்யுக்தா மறுபடி வந்து முழங்காலோடு உட்கார்ந்திருந்தாள். "என்ற கேள்விக்குப் பதிலு."

சென்னியப்பன் விசையை அமுக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

"பையன் தங்கமான பையன் கண்ணு. மாட்டுக்கு ஊசி போடறப்பவே மாட்டுகிட்டப் பேசறான், உன்ற கிட்டப் பேச மாட்டானா. கலியாணம் முடிச்சாச்சுன்னே வெச்சுக்க. ஆனா அவன் இங்க வந்து குடியிருக்கறது எனக்கு ஒப்பல. என்ற ஊட்டுல இன்னொரு ஆம்பளைக்கு எடம் ஏது? ஏற்கெனவே நானே நாலு பேரு இருக்கறேன்."

முதலில் சிரித்தது பொங்கியண்ணன். பிறகு கோகிலவாணி. சம்யுக்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது.

"உங்கள உட்டுட்டு எப்படிப்பா போறது?"

"பஸ்ல போ. சென்னிமலை என்ன சீமையா? எனக்குக் காவலு இருக்கறதுக்கு அவன இங்க இழுத்துட்டு வர்ற. நாளைக்கு உனக்கொரு எடத்துல வேலை மாத்துனா, அப்பனுக்காகப் போகாம இருப்ப. ஆசுபத்திரில நான் கெடந்தப்ப நீ போகாம உட்ட எடமெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. வாய்தான் போச்சு, காது போகல. தனி ஊடு எடுங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வாங்க, கறி ஆக்கி வெக்கறேன்."

"கறி ஆக்கறது நானு, வாக்குக் குடுக்கறது இவரு" என்றாள் கோகிலவாணி.

"சரிப்பா" என்றாள் சம்யுக்தா. பிறகு, "தனியாத்தான் இருப்போம். சரி" என்று தனக்கே சொல்லிக்கொள்வது போல இன்னொரு தரம் சொன்னாள்.

பெனாசிர் திரையில் மிச்சமிருந்த ஒரே சிவப்பைப் பார்த்தாள். நல்லதா, குறையா, முடிவா, எது முதலில்? அந்த இடத்தில் அவள் மூன்று பேர் எழுதச் சொன்னதையும் அழித்துவிட்டு, 'அவர் நினைத்த வரிசையில்' என்று வைத்தாள். நாலும் ஒன்றாகச் சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். தாம்பாளத்தில் உப்பும் சர்க்கரையும் வந்தன. மித்ரனின் தாய்மாமன் சபையில் எழுந்து, "பொண்ணூட்டுக்காரங்க மனசு ஒத்துக் குடுக்கறீங்களா?" என்று முறைப்படி கேட்டார்.

"ஒத்துத்தான் குடுக்கறோம்" என்றது காலர், கூடத்துக்கு வெளியே நின்ற டிரைவர்கள் திரும்பிப் பார்க்கும் குரலில். "பையனையும் நாங்க எடுத்துக்கல. தனியா ஊடு பாத்தாச்சு. உங்களுக்கும் எங்களுக்கும் பாதிப் பாதி." சபை சிரித்தது. தாய்மாமன் சிரித்தார். தட்டு மாறியது. சென்னியப்பன் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சென்னியப்பன்தான் பேசினார். அதில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்; அவர் ஜாதகம் பற்றி நீட்டி முழக்கியபோது, "சாப்பாடு ஆறுது" என்று சொல்லிவிட்டார்.

பந்தி முடிந்து, கூடம் காலியான பிறகு, அவர் பெனாசிரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் ஒரு கையில் ஐஸ்கிரீமோடு வந்து உட்கார்ந்தாள்.

"அம்மணி, இன்னொரு பிராஞ்ச் வேணும்" என்றது காலர்.

ஐஸ்கிரீம் கரண்டி வாய்க்குப் போகாமல் நின்றது. "ஐயா, இப்பத்தானுங்க நாலையும் ஒண்ணாக்கினேன். எத்தன சண்டை. இன்னும் யாருக்குங்க?"

"எனக்கு."

"இப்ப இருக்கறதே உங்களுதுதானுங்க."

"இது நான் மத்தவங்ககிட்டப் பேசறது. அவ கேட்டா, இவ கேட்டா, மண்டிக்காரன் கேட்டான், கம்பெனிக்காரன் கேக்காமலே குடுத்தான். எங்கிட்ட நான் பேசி ஒன்றரை வருசம் ஆச்சு."

பெனாசிர் புரியாமல் பார்த்தாள்.

"மனசுக்குள்ள உனக்குப் பேச்சு ஓடும்ல? பஸ்ல போறப்ப, குளிக்கறப்ப. எனக்கு ஓடறதில்ல அம்மணி. நெனப்பு வருது, மூஞ்சியா வருது, வாசமா வருது, போகுது. வார்த்தை இந்த மெஷினு சொன்னாத்தான் எனக்கே கேக்குது. அது சொன்னா ஊருக்கே கேட்டுருது. ஒருத்தனப் பாத்து இவன் மூஞ்சியப் பாருன்னு எனக்குள்ளாற சொல்லிக்க முடியறதில்ல. இன்னிக்கு அந்தப் பெரியப்பன் விசயத்துல பாத்தீல்ல."

அவள் ஐஸ்கிரீமைக் கீழே வைத்தாள். இந்த மெஷினைச் செய்தவர்கள், திருத்தியவர்கள், சோதித்தவர்கள் எல்லோர் முகமும் அவளுக்குத் தெரியும். இதை ஒருவரும் ஒரு கூட்டத்திலும் கேட்டதில்லை.

"வெளிய சத்தமே வேண்டாம்" என்றார். "காதுக்கு மட்டும். முடியுமா?"

"முடியுமுங்க. அதொண்ணும் பெரிய வேலையில்ல." மடிக்கணினியை எடுத்தாள். "எப்படி வேணும்? நல்லது முதல்லயா, குறை முதல்லயா?"

"அது எனக்கும் எனக்கும் நடுவுல இருக்கற விசயம்."

"குரலு?"

"சத்தம் கம்மியா. நான் ஏலம் கூறாதப்ப எப்படிப் பேசுவேனோ அப்படி."

அப்படி ஒரு பதிவு கம்பெனியிடம் இல்லை. பெனாசிர் அவர் குரலையே எடுத்து, குறைத்துக் குறைத்து, அவரைக் கேட்கச் சொன்னாள். மூன்றாவது தடவையில் அவர் போதும் என்று கையைக் காட்டினார். அவள் ஒரு வெறும் கிளையைத் திறந்து, அதை யாரும், தான் உட்பட, திறந்து பார்க்க முடியாதபடி பூட்டி, மாற்றுகிற விசையை அவர் கையிலேயே கொடுத்தாள்.

சென்னியப்பன் அதை அமுக்கினார்.

காலரில் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மித்ரனும் சம்யுக்தாவும் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள், எத்தனை அடுக்கினால் சாயும் என்று தர்க்கம் செய்தபடி. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தரம் தலையை ஆட்டினார். பிறகு தோள் குலுங்கியது.

கோகிலவாணி பந்திப் பாயைச் சுருட்டிக்கொண்டே வந்தாள்.

"என்ன மாமா, தனியாச் சிரிக்கறீங்க? என்ன சொன்னீங்க?"

அவர் விசையை மாற்றினார்.

"உங்கிட்டச் சொல்லல" என்றது காலர்.

அவள் பெனாசிரைப் பார்த்தாள். பெனாசிர் தோளைக் குலுக்கினாள், அவளுக்கும் தெரியாது. கோகிலவாணி ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, பாயை அவர் மடியில் வைத்து, "சிரிச்சது போதும், இந்தாங்க, இதச் சுருட்டுங்க" என்றாள். அவர் சுருட்ட ஆரம்பித்தார். பாதியில் மறுபடியும் அந்த விசையை அமுக்கிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை.